முதலுக்கு வட்டி, லாபம் இருந்தால் மட்டும்: திருப்பூர்க் கூட்டு நிறுவனங்களும் பங்காதாய வருமானமும்

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் முதலைப் பற்றிய விவாதத்தில், அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004இல் ‘ரெவ்யூ ஆஃப் எகனாமிக் ஸ்டடீஸ்’ இதழில் எழுதிய கட்டுரைக்குத் தனி இடம் உண்டு. ஷரத் சாரியின் ‘ஃப்ரடர்னல் கேப்பிட்டல்’ நூலும் அதே ஆண்டில் வந்ததுதான். ஆனால் சாரி உழைப்பை முன்வைத்துப் பேசினார். இவர்கள் பணத்தை முன்வைத்துப் பேசினார்கள். வேலை பார்க்காத பங்குக்கு வரும் வருமானம் இவ்வட்டாரத்தில் எந்த வழியாக வளர்ந்தது என்பதே இங்கு ஆராயப்படுவதால், மறுப்பும் அவர்களோடுதான்.

அவர்கள் கண்டது இது. 1990களின் முற்பகுதியில் ஏற்றுமதியில் இருந்த நிறுவனங்களில், கவுண்டர் சமூகத்தார் நடத்தியவை கூடுதலான முதலோடு தொடங்கின. வெளியூர்களிலிருந்து வந்தவர்களின் நிறுவனங்கள் குறைந்த முதலோடு தொடங்கினாலும் விரைவாக வளர்ந்து, சில ஆண்டுகளில் உற்பத்தியில் முந்திவிட்டன. திறன் குறைந்த இடத்தில் முதல் மிகுந்திருப்பது ஏன்? வேளாண்மையில் முதலீட்டு வாய்ப்பு குறைவு. உள்ளூர்ப் பணம் உள்ளூர் உறவுக்குள்ளேயே சுற்றியது. அந்நியருக்குப் போய்ச் சேரவில்லை. சுருங்கச் சொன்னால், போக்கிடம் இல்லாத பணம் சொந்தக்காரர் கம்பெனியில் தங்கியது என்பது அவர்கள் வாசிப்பு.

அளவீட்டில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ‘போக்கிடம் இல்லாத’ என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

கொங்கு வட்டாரத்துப் பணத்துக்குப் பங்குப்பத்திரம் புதிதன்று. கோவையில் ஸ்டேன்ஸ் ஆலை 1888இல் தொடங்கியது. 1930களில் பைகாரா மின்சாரம் வந்தபின் நூற்பாலைகள் பெருகின. பெருமந்தக் காலத்தில் கிராமத்துப் பணம் நகரத்துத் தொழில்களுக்கு நகர்ந்ததைக் கிறிஸ்டோபர் பேக்கர் 1984இலேயே விரிவாக எழுதிவிட்டார். 1991இல் கோவைக்கென்றே ஒரு பங்குச் சந்தையும் அமைந்தது. திருப்பூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் ஆலைப் பங்கு, பங்குத் தரகர், சீட்டு, நிதி நிறுவனம் எல்லாம் இருந்தன. வாய்ப்பு இருந்தும் பணம் அங்கே போகவில்லை என்றால், வாய்ப்பின்மை அதற்குக் காரணமாகாது. அங்கே கிடைத்த பங்காதாயத்தின் தன்மையைத்தான் பார்க்க வேண்டும்.

ஆலைப் பங்குதாரரின் நிலையைக் கவனிக்கலாம். ஆலையை முகவர் நிறுவனம் நடத்தும் மேலாண்மை முகமை முறை 1970 ஏப்ரலில் ஒழியும் வரை, முகவரின் கமிஷன் போன பிறகே பங்காதாயம். அது ஒழிந்த நான்கே ஆண்டில், 1974இல், தற்காலிகச் சட்டம் ஒன்று பங்காதாயத்துக்கு வரம்பு கட்டியது: வரிக்குப் பிந்தைய லாபத்தில் மூன்றிலொரு பங்கு, அல்லது முகமதிப்பில் 12 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது. திருப்பூரின் நேரடி ஏற்றுமதி 1970களின் பிற்பகுதியில்தான் தொடங்குகிறது. ஏற்றுமதிக்கு முதல் தேடிய தலைமுறைக்குக் கண்ணெதிரே இருந்த பங்காதாயம், கணக்குப் புத்தகத்தைப் புரட்ட உரிமையில்லாத, சில ஆண்டுகளுக்கு முன்தான் உச்சவரம்பைக் கண்ட வருமானம்.

இதற்கு எதிர்ப்புறம் இருந்தது 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம். அதன் 13ஆம் பிரிவின் இரண்டு உட்பிரிவுகளைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். அடுத்தடுத்து நிற்பதால் இவை ஒன்றே என்று தோன்றும்; ஒன்றல்ல.

13(சி) சொல்வது: கூட்டாளி போட்ட முதலுக்கு வட்டி பெற உரிமை இருந்தால், அவ்வட்டி லாபத்திலிருந்து மட்டுமே தரப்படும். 13(டி) சொல்வது: ஒப்புக்கொண்ட முதலுக்கு மேல் கூட்டாளி முன்பணம் கொடுத்திருந்தால், அதற்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டி உண்டு. இரண்டாவதில் லாபம் என்ற நிபந்தனையே இல்லை. அதாவது, ஒரே மனிதர் ஒரே கூட்டு நிறுவனத்தில் போட்ட பணத்தில் ஒரு பகுதி லாபத்தை நம்பி நிற்கிறது. இன்னொரு பகுதி கடனாக நிற்கிறது. பேரேட்டில் இரண்டுக்கும் வட்டி என்றே பெயர்.

இனி 1956ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், 205ஆம் பிரிவைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பங்காதாயம் லாபத்திலிருந்தே தரப்பட வேண்டும் என்பது அதன் சாரம். 13(சி)யின் சாரமும் அதுவே. ஆகவே, ஒப்பந்தத்தில் ‘முதலுக்கு வட்டி’ என்று எழுதி, தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருந்த மைத்துனருக்கு ஆண்டு முடிவில் வரவெழுதிய தொகை, சட்டத்தின் கண்ணில் பங்காதாயத்தின் தன்மை உடையதே. பானர்ஜியும் முன்ஷியும் ‘உறவுக்குள் முடங்கிய முதல்’ என்று கண்டதில் ஒரு பகுதியேனும், இப்படி வருமானம் ஈட்டுவதற்கென்றே வைக்கப்பட்ட முதல் என்பது என் வாதம்.

பங்குதாரருக்கும் இந்தக் கூட்டாளிக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. கூட்டாண்மைச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி கூட்டாளி எந்நாளும் கணக்குப் புத்தகத்தைப் புரட்டலாம், நிர்வாகத்திலும் தலையிடலாம். அதற்கு விலை 25ஆம் பிரிவில் இருக்கிறது: நிறுவனத்தின் கடன் முழுவதற்கும் அவரும் பொறுப்பு. வேலை பார்க்காமலே வருமானம் வரும். ஆனால் தோட்டமும் சேர்ந்து பணயம். இந்தப் பொறுப்பிலிருந்து தப்பியவர் ஒருவரே, 30ஆம் பிரிவின்படி பலன்களுக்கு மட்டும் சேர்க்கப்பட்ட வயது வராத பிள்ளை. லாபத்தில் பங்கு உண்டு, கணக்கைப் பார்க்கலாம், சொந்தச் சொத்துக்கு ஆபத்தில்லை. இன்றைய பங்காதாய முதலீட்டாளருக்கு மிக நெருங்கிய சட்ட உருவம், வினோதமாக, ஒரு மைனர்தான்.

முதலுக்கு வட்டி என்ற ஏற்பாட்டுக்கு 1992ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் புதிய பலம் தந்தது. அதுவரை கூட்டாளிக்குக் கொடுத்த வட்டியை வரிக் கணக்கில் செலவாகக் காட்ட வருமான வரிச் சட்டத்தின் 40(பி) பிரிவு இடம் தரவில்லை. 1993-94 மதிப்பீட்டாண்டு முதல், ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் 18 சதவீதம் வரை கழிக்கலாம் என்றாயிற்று. (2002 ஜூனில் இது 12 சதவீதமாகக் குறைந்தது.) கூடவே 10(2ஏ) வந்தது: கூட்டாளி பெறும் லாபப் பங்குக்கு அவர் கையில் வரி இல்லை. பங்காதாயமோ 1997 வரை, சிறு கழிவு போக, பங்குதாரர் கையில் வரிக்குரியதாகவே இருந்தது. கம்பெனியும் தன் லாபத்துக்கு முன்பே வரி கட்டியிருக்கும். 1993 முதல் 1997 வரை கூட்டாண்மைப் பங்கு பங்காதாயத்தை வரிக்கணக்கில் தெளிவாக வென்று நின்றது. பானர்ஜி, முன்ஷி ஆராய்ந்த நிறுவனங்களின் காலமும் இதை ஒட்டியதே.

இங்கே எனக்கு எதிராக இரண்டு தடைகளை எழுப்பலாம், இரண்டும் வலுவானவை. முதலாவது, அதே சட்டத்தின் 80எச்எச்சி பிரிவு. ஏற்றுமதி லாபம் முழுவதற்கும் விலக்கு இருந்த காலம் அது. வரியே இல்லாத நிறுவனம் வட்டியைச் செலவாகக் கழித்து என்ன பயன்? உண்மைதான். ஆகவே 40(பி) வாதம் நேரடி ஏற்றுமதியாளரைவிட, அந்த விலக்கு எட்டாத நிட்டிங், சாயம், காஜா-பட்டன் போன்ற ஜாப் ஒர்க் கம்பெனிகளுக்கே நன்றாகப் பொருந்தும். பானர்ஜியும் முன்ஷியும் ஆராய்ந்ததோ ஏற்றுமதியாளர்களை. ஆனால் அதே தடை 10(2ஏ) வாதத்தைக் கெட்டிப்படுத்துகிறது: நிறுவனத்திலும் வரியில்லை, கூட்டாளி கையிலும் வரியில்லை. அந்த ஆண்டுகளில் இதைவிட நல்ல போக்கிடம் எது?

இரண்டாவது தடை இன்னும் கூர்மையானது. வரிச்சட்டம் வந்தேறியவருக்கும் உள்ளூர்க்காரருக்கும் ஒன்றே. அப்படியானால் முதல் அளவில் வேறுபாடு ஏன்? இதற்கு வரியால் பதில் சொல்ல முடியாது. வேலை பார்க்காமல் பங்கு மட்டும் போடக்கூடிய உறவினர் கூப்பிடு தூரத்தில் எத்தனை பேர் என்பதில்தான் பதில் இருக்க வேண்டும். வேளாண் வருமானத்துக்கு வருமான வரி விலக்கு உண்டு என்பதையும் சேர்த்துக்கொண்டால், தோட்டத்திலிருந்து ஏற்றுமதி நிறுவனத்துக்கு வந்து லாபப் பங்காகத் திரும்பிய பணம் எந்தக் கட்டத்திலும் வருமான வரியைச் சந்திக்கவில்லை. இவ்வளவு தூரம் வந்தபின் பானர்ஜி, முன்ஷியின் உறவுமுறை விளக்கத்துக்கு நானும் அருகில்தான் நிற்கிறேன். வேறுபாடு ஒன்றே: அவர்கள் அதை முடக்கம் என்கிறார்கள், நான் தேர்வு என்கிறேன்.

எல்லாப் பங்கும் வருமானத்துக்காக வாங்கப்பட்டதில்லை என்பதற்கு மண்ணரை நல்ல சான்று. திருப்பூரின் கிழக்கே, பின்னர் மாநகராட்சியோடு இணைந்த இவ்வூரின் பெயரில் ஒரு பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. 1990களில் வகுக்கப்பட்ட திட்டத்தின்படி மத்திய, மாநில அரசுகள் தலா கால் பங்கு மானியம் தந்தன. எஞ்சியது கடனும் உறுப்பினர் முதலும். இத்தகைய நிலையங்கள் கம்பெனிகளாகப் பதிவாயின, சாயப்பட்டறைக்காரர்களே பங்குதாரர்கள். அந்தப் பங்குக்குப் பங்காதாயம் யாரும் எதிர்பார்க்கவில்லை. பட்டறையின் கழிவுநீரை அனுப்பும் உரிமையே அதன் பலன். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது அந்த உரிமையும் நின்றது. கூட்டாண்மையாக நடந்த பட்டறை ஓடாவிட்டால் லாபம் இல்லை. லாபம் இல்லாவிட்டால் 13(சி)யின்படி முதலுக்கு வட்டியும் இல்லை. 13(டி) முன்பணத்துக்கு மட்டும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். வேலை பார்க்காமல் முதல் மட்டும் போட்ட ‘உறங்கும்’ கூட்டாளிகளில் யார் எந்த உட்பிரிவில் இருந்தார்கள் என்பது, ஒப்பந்தம் எழுதிய நாளில் அற்பமாகத் தோன்றியிருக்கலாம். அந்த ஆண்டில் அற்பமாக இருந்திருக்காது.

பிந்தைய கதை தெரிந்ததே. 1997இல் பங்காதாய வரி கம்பெனி தலைக்கு மாறியது. இடையில் ஓராண்டு திரும்பியது. 2020 ஏப்ரல் முதல் மீண்டும் பெறுபவர் கைக்கே வந்துவிட்டது. கே.பி.ஆர். மில் 2007இலும், அவிநாசியின் எஸ்.பி. அப்பேரல்ஸ் 2016இலும் சந்தைப் பட்டியலில் ஏறின. பெரும்பங்கு நிறுவனர் குடும்பங்களிடமே நின்றது. 2025 ஏப்ரல் முதல், ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டும் கூட்டாளி வட்டிக்கும் சம்பளத்துக்கும் 10 சதவீதம் முன்கூட்டியே பிடித்தம். கூட்டாண்மைப் பங்குக்கும் சந்தைப் பங்குக்கும் இருந்த வரி இடைவெளி இப்படிச் சிறிது சிறிதாகக் குறுகி வருகிறது.

கூட்டாண்மைப் பங்கு பங்காதாயத்தின் வேலையைச் செய்யத் தொடங்கிய ஆண்டு எது? 1974இன் உச்சவரம்பு பணத்தை ஆலைப் பங்கிலிருந்து திருப்பியது என்றால் அது ஏற்றுமதிக்கும் முந்தையது. 1992இன் திருத்தமே திருப்பம் என்றால் ஒப்பந்தங்களில் வட்டி விதிகள் அதற்குமுன் அரிதாக இருந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்றை இப்போதைக்கு முடிவுகட்ட இயலாது. நிறுவனப் பதிவாளரிடம் கூட்டாண்மைச் சட்டத்தின் 58ஆம் பிரிவின்படி தரப்படும் விவரத்தில் கூட்டாளிகளின் பெயரும் சேர்ந்த நாளும் இருக்கும். முதலும் வட்டியும் இராது. ஆகவே அந்தப் பதிவேடு வட்டியின் வரலாற்றைச் சொல்லாது. ஆனால் ஒரு கூட்டு நிறுவனத்தில் எத்தனை பெயர், அவை எந்த ஆண்டில் கூடின என்பதைச் சொல்லும். 1993க்கு முன்பே பெயர்கள் பெருகியிருந்தால் என் வரி வாதம் பின்னுக்குப் போகும். அதன் பின்னரே பெருகியிருந்தால் ‘போக்கிடம் இல்லாத பணம்’ என்ற வாசிப்பை மறுபடி எழுத வேண்டியிருக்கும்.