கண்ணீர் வற்றுவதற்கு முன்பே: ஸ்டெம் செல் மாற்றும் கண்ணின் மேற்பரப்பும்

பிறரிடமிருந்து ஸ்டெம் செல் பெற்று ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களில் 40 முதல் 60 விழுக்காட்டினருக்குக் கண்ணின் மேற்பரப்பு பாதிக்கப்படுவதாக ஆய்வுகள் கூறுகின்றன. ஆனாலும் எரிச்சலோ கூச்சமோ தாங்க முடியாமல் போன பிறகுதான் அவர்களில் பலர் கண் மருத்துவரிடம் வருகிறார்கள். முதல் கண் பரிசோதனை மாற்று சிகிச்சைக்கு முன்பே நடந்தாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

காரணம் கண்ணீர்ச் சுரப்பியில் இருக்கிறது. கொடையாளரின் டி அணுக்கள் நோயாளியின் திசுக்களை அந்நியமாகக் கருதித் தாக்குவதையே ஜி.வி.எச்.டி. என்கிறோம். கண்ணில் இந்த அணுக்கள் சுரப்பியின் நாளங்களைச் சுற்றிக் குவிகின்றன. அங்கே நார்த்திசு வேகமாகப் படர்கிறது. அந்த நாரை உண்டாக்கும் அணுக்களில் ஒரு பகுதி கொடையாளரிடமிருந்தே வந்தவை என டோக்கியோவின் கெய்யோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். நாராகிவிட்ட சுரப்பியை மீட்கும் மருந்து இன்று நம்மிடம் இல்லை. எண்ணெய் சுரக்கும் இமையோரத்து மெய்போமியன் சுரப்பிகளும் சுருங்குவதால், ஊறும் கொஞ்சக் கண்ணீரும் விரைவில் ஆவியாகிறது. இமையின் உட்புறம் தழும்பேறினால் ஒவ்வொரு சிமிட்டலும் கார்னியாவின் மேல் உப்புத்தாள் தேய்ப்பதாகிவிடுகிறது. புண், அரிதாகத் துளை வரை இது போகக்கூடும்.

எலும்பு மஜ்ஜைக்குப் பதில் ரத்த ஓட்டத்திலிருந்து ஸ்டெம் செல் எடுக்கும் முறை பரவியிருப்பதையும் இங்கே எண்ண வேண்டும். உறவினரல்லாத கொடையாளர்களைக் கொண்டு 2012இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், நாள்பட்ட ஜி.வி.எச்.டி. மஜ்ஜை பெற்றோரில் 41 விழுக்காடாகவும், ரத்த ஸ்டெம் செல் பெற்றோரில் 53 விழுக்காடாகவும் இருந்தது.

நோயாளி சொல்லும் வேதனையை மட்டும் நம்பியிருக்க முடியாது. கார்னியாவின் நரம்புகள் நலிந்தால் உணர்ச்சி மங்கும். புண்பட்ட கண்ணும் அமைதியாகத் தோன்றும். கண்ணீரின் அளவைக் காணும் ஷிர்மர் தாள் சோதனையும் தனித்து நிற்காது. அதனால்தான் 2013இல் பன்னாட்டு வல்லுநர் குழு அதனுடன் ஃப்ளூரசின் சாயப் பரிசோதனை, கண் சிவப்பு, நோயாளியின் அறிகுறி மதிப்பெண் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னது. நோயைக் கண்டறிவதில் வறட்சி ‘புதிதாக’ வந்ததா என்பது முக்கியம். ஆனால் அடிப்படை ரத்த நோயாலும் கீமோதெரபியாலும் மாற்றுக்கு முன்பே பலருடைய இமைச் சுரப்பிகள் கெட்டிருக்கின்றன. அன்றைய நிலை பதிவாகாவிட்டால், பின்னாளில் புதியதையும் பழையதையும் எப்படிப் பிரிப்பது?

சாகக் கிடப்பவரின் உயிரைக் காக்கும் நேரத்தில் கண்ணுக்கு என்ன அவசரம் என்று கேட்கலாம். ஸ்லிட் லாம்ப், ஒரு தாள் பட்டை, ஒரு துளி சாயம்: சாதாரணக் கண் மருத்துவமனையிலும் இருப்பவை இவை, சில நிமிடங்களில் முடிபவை. பிறகு மூன்றாம் மாதத்திலும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் குறைக்கும் காலத்திலும் மறுபடி பார்க்க வேண்டும். நாள்பட்ட நோய் பெரும்பாலும் அப்போதுதான் தலைகாட்டுகிறது.

தொடக்கத்திலேயே தெரிந்தால் பாதுகாப்புப்பொருள் சேர்க்காத செயற்கைக் கண்ணீர், சைக்ளோஸ்போரின் சொட்டு, நோயாளியின் ரத்தத்திலிருந்தே தயாரிக்கும் சீரம் சொட்டு, முற்றிய நிலையில் ஸ்கிளீரல் லென்ஸ் எனக் கண்ணளவிலேயே சிகிச்சை தரலாம். தாமதித்தால் உடல் முழுவதற்குமான மருந்தைக் கூட்டும் நெருக்கடி வரும். எஞ்சிய புற்றணுக்களை அழிப்பவையும் அதே கொடையாளர் அணுக்கள்தாம் என்பதால், அவற்றை மேலும் அடக்குவது நோய் திரும்ப வழிவிடலாம். மருந்தைக் குறைப்பதா கூட்டுவதா என ரத்தவியல் மருத்துவர் முடிவெடுக்கும்போது, தோல், வாய், கல்லீரல் குறிப்புகளுடன் கண்ணின் குறிப்பும் அவர் கையில் இருக்க வேண்டும்.