ஓர் அறை, ஓர் உதவித்தொகை

தோழர்களே, பொட்டிப்புரம் போன்ற ஊர்ச் சேரிகளிலிருந்து தேனிக்கும் மதுரைக்கும் படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்குச் சுதந்திரம் என்பது என்ன? படுக்க ஓர் இடம், பசிக்குச் சோறு, யாரிடமும் கைகட்டி நிற்காமல் கட்டணம் செலுத்தப் பணம்.

அண்ணல் அம்பேத்கர் இதைத் தம் வாழ்விலேயே கண்டார். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். 1917இல் அதே பரோடாவுக்கு வேலைக்கு வந்தபோது தங்க இடமில்லை. பார்சி விடுதியிலிருந்தும் தடியோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். 1942இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழு உறுப்பினரானதும், பட்டியல் சாதியினரின் உயர்கல்விக்கு அரசே பணம் தரவேண்டும் என்று மனு அளித்தார். 1944இல் மெட்ரிக்குக்குப் பிந்தைய உதவித்தொகை பிறந்தது.

ஆயினும், 2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத்தில் ரோஹித் வெமுலா உயிர்நீத்தபோது அவர் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தார். ஏழு மாத உதவித்தொகை வரவேண்டியிருந்தது என்று எழுதிவைத்திருந்தார். ஒரு நூற்றாண்டு கழிந்தும் அதே அறை, அதே பணம்.

பணம் தாமதமானால் பிள்ளை கடனுக்குப் போகிறான். அல்லது படிப்பை விட்டு ஊர் திரும்புகிறான். மாணவர் மனநலம் பற்றிப் பேசுவோர் முதலில் விடுதியையும் உதவித்தொகையையும் பற்றிப் பேசட்டும். நாம் கேட்பது சலுகை அல்ல, அண்ணல் வென்று தந்த உரிமை.