லேசருக்கு எதற்கு இரண்டு மூன்று நிறம்?



அச்சங்குளத்துப் பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: "ஐயா, லேசர்னாலே ஒரே நிறந்தானே? பரப்பை அளக்க எதுக்கு ரெண்டு மூணு நிறம்?"

பத்து நிமிடத்துக்கு ஒரு சிவகாசி பஸ், பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு சாத்தூர் பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். (நம்மூருக்கு அப்படி வந்தால் சந்தோஷம்தான்!) சிவகாசி பஸ் கிளம்பியதை மட்டும் பார்த்தவருக்கு மணி தெரியாது. இரண்டும் சேர்ந்து கிளம்புவது அறுபது நிமிடத்துக்கு ஒருமுறைதான். பத்தையும் பன்னிரண்டையும் பெருக்கி, வித்தியாசமான இரண்டால் வகுத்தால் அதே அறுபது.

ஒளியிலும் இதே கணக்கு. பரப்பில் பட்டுத் திரும்பும் லேசரில், மேடு அரை அலைநீளம் உயர்ந்தால் குறுக்கீட்டுப் பட்டை ஒரு முழு இடம் நகர்ந்து பழையபடியே தெரியும். வழவழப்பான பரப்பில் எண்ணிக்கொண்டே போகலாம். செங்குத்தான படியில் எத்தனை தாண்டியது என்று தெரியாது. கருவி அழகான, தப்பான விடையைக் கொடுத்துவிடும்.

1862இல் பிரான்சின் ஃபிஸோ, சோடியம் ஒளியில் நியூட்டன் வளையங்களை எண்ணினார். ஏறத்தாழ 490ஆவது வளையத்தில் மங்கி, 980இல் மறுபடி தெளிந்தன. சோடிய மஞ்சளில் இரண்டு அலைநீளங்கள் இருக்கின்றன என்று முடிவு செய்தார். 1892-93இல் மைக்கேல்சன், காட்மியத்தின் சிவப்பு, பச்சை, நீல ஒளிகளை வைத்துப் பாரிஸ் அருகே மீட்டரையே அளந்தார். லேசர் வர இன்னும் அறுபத்தேழு வருடம் இருந்தது! பாடப்புத்தகத்தில் மைக்கேல்சன் வருகிறார். அந்த மூன்று நிறம் வருவதில்லை. எனக்கு அது ஒரு குறைதான்.

அந்தக் கதை சென்னைக்கும் வந்தது. ஐஐடி மெட்ராஸ் இயற்பியல் துறையில் பால் குமார், பசந்த பாதுரி, கோத்தியால், கிருஷ்ண மோகன் ஆகியோர் நுண்கருவிகளின் பரப்பை இரண்டு அலைநீளங்களால் அளந்து 2009இல் கட்டுரை வெளியிட்டார்கள். பிறகு சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒரே கலர் கேமராவில் ஒரே சமயத்தில் பிடித்தார்கள்.

632.8, 532 நானோமீட்டர் லேசர்களைச் சேர்த்தால், பஸ் கணக்குப்படி சுமார் 3.3 மைக்ரான் நீளமுள்ள ஓர் அலைபோல ஆகிவிடும். இலவசமாக இல்லை: அளவீட்டுப் பிழையும் ஐந்து மடங்குக்கு மேல் பெருகும். அதனால் பெரிய அலையால் எத்தனையாவது பட்டை என்று மட்டும் கண்டுபிடித்துவிட்டு, நுட்பமான அளவுக்கு மறுபடி ஒற்றை நிறத்துக்கே திரும்புவார்கள்.

கல்லூரியில் இருக்கும் பிள்ளைகள் ஆய்வகத்து மைக்கேல்சன் கருவியில் சோடியம் விளக்கை வைத்துப் பாருங்கள். கண்ணாடியை 0.29 மில்லிமீட்டர் நகர்த்தும்போது பட்டைகள் ஒருமுறை மங்கித் தெளியும். பார்த்தவர்கள் கீழே எழுதுங்கள்.