ஓடும் நீரும் ஓடாத படமும்



1838ஆம் ஆண்டிலே டகேர் என்னும் பிரெஞ்சுக்காரர் பாரிஸ் மாநகரத்துத் தெருவொன்றைத் தமது வீட்டுச் சாளரத்திலிருந்து நிழற்படமாக்கினார். வண்டிகளும் மாந்தரும் ஓயாது திரிந்த தெரு அது. படத்திலோ அது வெறிச்சோடிக் கிடக்கின்றது. தகட்டில் ஒளி பதியப் பல நிமிடங்கள் சென்றமையால் அசைந்தவை யாவும் சுவடின்றி மறைந்தன. சப்பாத்துக்கு மெருகேற்றுவித்துக்கொண்டு நின்ற ஒருவரின் உருவமே தெளிவாக எஞ்சிற்று.

பழைய நீராலைகளின் படங்களைப் பார்க்கும்போது இதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

நீராலை என்பது யாது? நம் முன்னோர் திரிகையைக் கையாற் சுற்றினர். செக்கை எருது கொண்டு சுற்றுவித்தனர். ஆங்கில நாட்டிலோ தானியம் அரைக்கும் கல்லை ஆற்றுநீர் சுற்றியது. ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி, நீரைத் தேக்கி, மதகைத் திறந்துவிடுவர். நீரின் விசையாலோ பாரத்தாலோ பெருஞ்சக்கரம் சுழலும். பற்சக்கரங்கள் அச்சுழற்சியைக் கல்லுக்குக் கொண்டு செல்லும். 1086இல் வில்லியம் மன்னன் எடுப்பித்த கணக்கேட்டிலே 5,000க்கு மேற்பட்ட ஆலைகள் காணப்படுகின்றன. காற்றாலை அந்நாட்டிற்கு வந்திராத காலமாதலின், அவற்றுட் பெரும்பாலானவை நீரால் இயங்கியவை எனக் கொள்ளலாம்.

1851இல் ஈரக் கண்ணாடித் தகட்டு முறை வெளிவந்தது. தகட்டிலே மருந்து பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, உடனே கழுவியும் முடித்தல் வேண்டும். கழுவ நீர் வேண்டும். ஆலையோரத்தில் அதற்கு மட்டும் பஞ்சமில்லை! ரோஜர் பென்ரன் என்பார் 1857இல் வட வேல்ஸ் நாட்டு ஆறுகளைப் படமாக்கினார். லங்காஷயர்ப் பகுதியிலுள்ள ஹேர்ஸ்ற் கிறீன் ஆலையும் அவர் கமராவுக்கு இலக்காயிற்று. அக்காலத்துப் படங்களிலே பாறை பாறையாகவே நிற்கும், இலைகளையும் எண்ணலாம். பாய்ந்து வீழும் நீர் மட்டும் பஞ்சுப் பொதிபோலவும் பனிமூட்டம் போலவும் வெளுத்துத் தோன்றும். விநாடிகள் பல நீண்ட நேரத்தின் ஓட்டமெல்லாம் ஒரே தகட்டில் ஒன்றன்மேலொன்றாய்ப் படிந்ததன் விளைவு அது. இக்குறையை வெல்ல முயன்றோரும் இருந்தனர். வேல்ஸ் நாட்டு ஜோன் டில்வின் லெவெலின் கரையில் மோதும் அலையைப் பிடித்துக் காட்டி, 1855ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியிலே வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

சக்கரத்தின் கதையும் இதுவே. சுழலும் சக்கரம் படத்திலே கலங்கிப் போகும். ஆதலால், அக்காலப் படமொன்றில் ஆரக்கால்கள் கூர்மையாகத் தெரிந்தால், மதகு மூடியிருந்தது, வேலை நின்றிருந்தது என்றே கொள்ளலாம். நாமோ அதனைக் கண்டு, “ஆகா, என்ன அமைதி!” என்கின்றோம். உண்மையில் ஆலை அமைதியான இடமன்று. கல்லின் உறுமலும் பற்சக்கரங்களின் கடகடப்பும் ஓயா. மாத்தூசி எங்கும் படரும். மூடை சுமப்போர் வந்துபோவர். படத்திலுள்ள அமைதியிற் பெரும்பகுதி அவ்வூருக்குரியதன்று, மந்தமான மருந்துக்குரியது. அந்த அமைதியை நம்பிப் பழைய கிராம வாழ்வை ஓவியம்போல் எழுதிவைத்தோர் பலர். அவர்களை நான் முற்றாகக் குறை கூறேன். படம் அத்துணை அழகியது.

இதில் ஒரு விந்தையும் உண்டு. 1871இல் மடொக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் உலர்தகட்டுக்கு வழிகாட்டினார். 1878இல் சார்ள்ஸ் பெனற் அதனைத் திருத்தியபின், விநாடியின் சிறு கூறிலே படமெடுத்தல் கைகூடிற்று. சுழலும் சக்கரத்தையும் தெறிக்கும் துளியையும் பிடிக்க வல்ல தகடு வந்தது. ஆனால் அதே ஆண்டுகளில் எஃகு உருளை ஆலைகளும் வந்தன. கடல் கடந்து வந்த கோதுமை, லிவர்பூல் போன்ற துறைமுகங்களிலேயே மாவாயிற்று. ஊர்ப்புறத்து நீராலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. சக்கரம் சுழன்ற காலத்திற் கமராவுக்கு வேகமில்லை. வேகம் வந்த காலத்திற் பல சக்கரங்கள் சுழலவில்லை.

இன்றைய படப்பிடிப்பாளர் கமராவின் வில்லைக்கு முன்னே கருங்கண்ணாடி பொருத்தி, ஒளியைக் குறைத்து, வேண்டுமென்றே நேரத்தை நீட்டி, நீரை மீண்டும் பனிமூட்டமாக்குகின்றனர். பென்ரனுக்கு வேறு வழியில்லை; இவர்களுக்கு அது விருப்பம். இங்கிலாந்தின் றெடிங் நகரிலே 2002இல் நிறுவப்பெற்ற ஆலை ஆவணக் காப்பகத்திற்கோ பனிமூட்டம் உதவாது. பழுதுற்ற சக்கரத்தைப் புதுப்பிக்க விழைவோர் பழைய படங்களில் ஆரக்கால் எத்தனை, பலகை எத்தனை, மதகு எப்பக்கம் என்றே தேடுவர். மதகை மூடிச் சக்கரத்தை நிறுத்திவைத்து எடுத்த படமே அவர்களுக்குப் பயன்படுகின்றது.