கிளி பேசாத வானம்

தில்லித் தமிழர்கள் 1996 நவம்பர் 12-ஐ மறந்திருக்க மாட்டோம். அன்று மாலை அரியானாவில் சர்க்கி தாத்ரிக்கு மேலே சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் மாண்டனர். ஏறியதற்கு 14,000 அடி, இறங்கியதற்கு 15,000 அடி என்று கட்டுப்பாட்டறை உத்தரவு. இறங்கியது அங்கே நிற்காமல் மேலும் கீழே வந்துவிட்டது. தில்லி ரேடாரில் புள்ளிதான் தெரிந்தது, உயரம் தெரியவில்லை. விமானம் தானே பதில் சொல்லும் வகை ரேடார் அங்கு அப்போது பயன்பாட்டுக்கு வரவில்லை.

அந்தப் பதில் சொல்லும் கருவி, அதாவது டிரான்ஸ்பாண்டர், இரண்டாம் உலகப்போரில் பிறந்தது. வருவது நம்மாளா, எதிரியா என்று அறிய பிரிட்டிஷார் செய்த ஏற்பாடு. அதற்கு அவர்கள் வைத்த சங்கேதப் பெயர் கிளி! ரசனைக்காரர்கள்தான். விமானிகள் இன்றும் அந்த எண்ணை 'ஸ்குவாக்', கிளிக் கத்தல், என்கிறார்கள்.

கட்டுப்பாட்டாளர் தரும் நாலு இலக்க எண்ணில் 8, 9 கிடையாது. ஆக, மொத்தம் 4,096 எண்கள்தான். உலகத்துக்கே இது எப்படிப் போதும்னு எனக்கும் சந்தேகம் வந்தது. தொலைவிலுள்ள இரு வட்டாரங்களில் ஒரே எண்ணைத் தரலாம், குழப்பம் வராது. 7500 கடத்தல், 7600 ரேடியோ பழுது, 7700 ஆபத்து: இவற்றை யாருக்கும் ஒதுக்குவதில்லை.

தாத்ரிக்குப் பிறகுதான் தில்லியில் வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தனித்தனிப் பாதை பிரித்தார்கள்.