போட்டோ வந்துடுச்சு... பேரும் தேதியும் எங்கே போச்சு? ஆப் மாறுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

புது போன் வாங்கியாச்சு. பழைய போன்ல இருந்த எட்டாயிரம் போட்டோவும் பத்திரமா வந்து சேர்ந்துடுச்சு. நிம்மதியா கேலரியைத் திறந்தா, 2016-ல் நடந்த அக்கா கல்யாணம் இன்றைய தேதியில் முதல் வரிசையில் நிற்கிறது. பாட்டியை உட்கார வைத்து, 'இது யாரு, அது யாரு' என்று கேட்டுக் கேட்டு நீங்க டைப் பண்ணிய பெயர்களைக் காணோம். ஸ்டார் போட்டு வைத்ததும் போச்சு.

போட்டோ ஒன்றுகூட அழியலை. ஆனா, அதைப் பற்றி நீங்க எழுதி வைத்ததெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. இது ஏன் நடக்குது, எப்படித் தடுக்கலாம்?

போட்டோவின் முதுகில் எழுதுவது

ஸ்டூடியோவில் எடுத்த பழைய போட்டோவைத் திருப்பிப் பார்த்திருக்கீங்களா? பின்பக்கம் பேனாவில் தேதி, ஊர், பெயர் எழுதியிருப்பார்கள். டிஜிட்டல் போட்டோவுக்கும் அப்படி ஒரு முதுகு இருக்கிறது. அதில் எழுதப்படுவதுதான் மெட்டாடேட்டா. சிக்கல் என்னவென்றால், அந்த முதுகில் மூன்று தனித்தனி கட்டங்கள் இருக்கின்றன. மூன்றும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் உருவாக்கியவை.

எக்ஸிஃப்: 1995-ல் ஜப்பானில் உருவானது. எடுத்த தேதி, நேரம், எந்த கேமரா, ஃபிளாஷ் அடித்ததா, ஜிபிஎஸ் இடம் என கேமராவே தானாக எழுதும் விவரங்கள் இதில் இருக்கும்.

ஐபிடிசி: செய்தி நிறுவனங்களுக்காக 1990-களின் தொடக்கத்தில் வந்தது. தலைப்பு, விளக்கம், ஊர், எடுத்தவர் பெயர், குறிச்சொல் போன்றவை இதில் அடங்கும்.

எக்ஸ்எம்பி: 2001-ல் அடோபி கொண்டுவந்தது. மேலே சொன்ன இரண்டிலும் இருப்பதையும், அதற்கு மேல் ஸ்டார், முகங்களின் பெயர் போன்றவற்றையும் எழுதலாம். 2012-ல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது.

ஒரே விளக்கத்தை இந்த மூன்று இடத்திலும் எழுத முடியும். ஒரு ஆப் முதல் கட்டத்தில் எழுதும், இன்னொரு ஆப் மூன்றாவது கட்டத்தை மட்டும் படிக்கும். அப்போ நீங்க எழுதியது இருந்தும் இல்லாத மாதிரிதான்!

முதுகிலா, ஆல்பத்திலா?

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பல ஆப்கள் போட்டோவின் முதுகில் எழுதுவதே இல்லை. போட்டோவை ஒட்டிய ஆல்பத்தின் பக்கத்தில் எழுதி வைக்கின்றன. அதாவது, தங்களுடைய சொந்த டேட்டாபேஸில். போட்டோவை மட்டும் உரித்து எடுத்துக்கொண்டு போனால், எழுதியது ஆல்பத்திலேயே தங்கிவிடும்.

பிகாசா ஞாபகம் இருக்கா? பல வீடுகளில் டெஸ்க்டாப்பில் இருந்த சாஃப்ட்வேர் அது. நீங்க போட்ட ஸ்டார், செய்த கிராப் எல்லாம் ஒவ்வொரு ஃபோல்டரிலும் மறைந்திருக்கும் ஒரு குட்டி ஃபைலில் இருந்தன. 2016-ல் கூகுள் பிகாசாவை நிறுத்தியது. அந்த மறைந்த ஃபைலை விட்டுவிட்டு போட்டோவை மட்டும் காப்பி செய்தவர்களுக்கு, அந்த வேலை முழுக்க வீண்.

இன்றைக்கு கூகுள் போட்டோஸிலும் இதே கதைதான். தேதியைத் திருத்தினாலும், விளக்கம் எழுதினாலும், அது கூகுளின் கணக்கில்தான் பதிவாகும். 'டேக்அவுட்' வழியாக மொத்தமாக டவுன்லோடு செய்தால், ஒவ்வொரு போட்டோவுக்கும் பக்கத்திலேயே ஜேசன் என்ற குட்டி ஃபைல் ஒன்று வரும். நீங்க செய்த திருத்தம் அதற்குள்தான் இருக்கிறது. போட்டோவுக்குள் பழைய தேதியே இருக்கும். 'இது என்ன குப்பை' என்று ஜேசன் ஃபைல்களை டெலிட் செய்தால், பல வருட உழைப்பையும் சேர்த்தே டெலிட் செய்கிறீர்கள்.

காசு கட்டி வாங்கும் சாஃப்ட்வேரும் விதிவிலக்கு இல்லை. லைட்ரூம் கிளாசிக், நீங்க எழுதுவதை முதலில் தன் கேட்டலாக்கில்தான் வைத்துக்கொள்ளும். போட்டோவுக்கும் எழுத வேண்டுமென்றால், கேட்டலாக் செட்டிங்ஸில் 'மாற்றங்களை எக்ஸ்எம்பி-யில் தானாக எழுது' என்ற வசதியை நீங்கதான் ஆன் செய்ய வேண்டும்.

தேதி ஏன் குழம்புது?

முதல் காரணம், வாட்ஸ்அப். சாதாரண போட்டோவாக அனுப்பும்போது வாட்ஸ்அப் அதைச் சுருக்கி, முதுகில் எழுதியதை மொத்தமாகத் துடைத்துவிடும். எடுத்த தேதி இருக்காது. ஆண்ட்ராய்டில் ஃபைல் பெயரில் ஒரு தேதி இருக்கும். ஆனா, அது வாட்ஸ்அப்பில் வந்த தேதி. அக்கா கல்யாணம் இன்றைக்கு நடந்த மாதிரி காட்டுவது இதனால்தான்.

இரண்டாவது, நேர மண்டலம். எக்ஸிஃப் பிறந்தபோது, 'காலை 5 மணி' என்று எழுத இடம் இருந்தது. 'எந்த நாட்டு 5 மணி' என்று எழுத இடம் இல்லை. 2016-ல் வந்த பதிப்பில்தான் அதற்கு ஒரு கட்டம் கொடுத்தார்கள். பழைய போட்டோக்களில் அது காலியாகவே இருக்கும். சிங்கப்பூரில் எடுத்ததையும் சென்னையில் எடுத்ததையும் ஒரே ஆல்பத்தில் போட்டால் வரிசை மாறுவது இதனால்தான்.

மூன்றாவது, வீடியோ. எம்பி4 வீடியோவில் நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுத வேண்டும் என்பது விதி. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். பொங்கலன்று காலை 5 மணிக்கு எடுத்த வீடியோவில், முந்தைய நாள் இரவு 11.30 என்று பதிவாகியிருக்கும். அதை நம் நேரத்துக்கு மாற்றிக் காட்டத் தெரியாத ஆப்பில், பொங்கப் பானை போகியன்றே பொங்கிவிடும்!

நான்காவது, ஸ்கேன் செய்த பழைய போட்டோக்கள். 1984-ல் எடுத்ததாக இருந்தாலும், ஸ்கேனருக்கும் போனுக்கும் தெரிந்த தேதி இன்றைக்கு மட்டும்தான்.

ஆளுக்கு ஒரு பாஷை

தேதிக்கே இவ்வளவு குழப்பம் என்றால், மற்றவை இன்னும் மோசம்.

எக்ஸ்எம்பி-யில் ஐந்து ஸ்டார் என்றால் 5. அதோடு மைக்ரோசாஃப்ட் தனக்கென ஒரு கணக்கும் வைத்திருக்கிறது. அதில் ஐந்து ஸ்டார் என்றால் 99. லைட்ரூமில் சிவப்பு லேபிள் போட்டால், 'ரெட்' என்ற வார்த்தைதான் பதிவாகும். அதே அடோபியின் பிரிட்ஜ் சாஃப்ட்வேரில் சிவப்புக்கு உள்ள பெயர் 'செலக்ட்'. வார்த்தை பொருந்தாததால், அங்கே சிவப்பு தெரியாது. ஒரே கம்பெனிக்குள்ளேயே இந்த நிலைமை!

முகங்களின் பெயருக்கும் அப்படித்தான். போட்டோவில் முகம் எங்கே இருக்கிறது என்று ஒரு கட்டம், அதோடு ஒரு பெயர். மைக்ரோசாஃப்ட்டின் பழைய போட்டோ கேலரி இதை ஒரு முறையில் எழுதியது. அடோபி, ஆப்பிள், கேனன், மைக்ரோசாஃப்ட், நோக்கியா, சோனி எல்லாம் சேர்ந்த ஒரு குழு 2010-ல் இன்னொரு பொது முறையைச் சொன்னது. லைட்ரூமும், இலவச சாஃப்ட்வேரான டிஜிகேமும் அந்தப் பொது முறையைப் பின்பற்றுகின்றன. போன் கேலரிகள் பெரும்பாலும் இந்தப் பக்கமே வருவதில்லை.

தமிழில் எழுதினால் என்ன ஆகும்?

இது நம் ஆட்களுக்கே உரிய தலைவலி. எக்ஸிஃபின் விளக்கக் கட்டம், ஆங்கில எழுத்துகளை மனதில் வைத்து உருவானது. அங்கே தமிழ் எழுதினால் சில ஆப்களில் வெறும் கேள்விக்குறிகளாகத் தெரியலாம்.

பழைய ஐபிடிசி-யில் இட நெருக்கடியும் உண்டு. ஊர் பெயருக்கு 32 பைட்தான், ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்தான். இன்று பொதுவாகப் பயன்படும் யூனிகோடு முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட் போதும். தமிழில் 'த' 3 பைட். 'தி' என்றால் இகரக் குறியும் சேர்ந்து 6 பைட். கணக்குப் போட்டால் 'மதுரை' 15 பைட். தாராளமாக இடம் கிடைக்கும். 'திருவண்ணாமலை'யும் 'திருநெல்வேலி'யும் தலா 36 பைட். ஊர் கட்டத்துக்குள் அடங்காது, வால் வெட்டுப்படும்!

சில நேரம் ஆங்கில 'ஏ' எழுத்தின் தலையில் ஒரு கோடு, பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' என்று வரிசையாக வந்து பயமுறுத்தும். தகவல் அழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். உள்ளே தமிழ் அப்படியேதான் இருக்கும். அந்த ஆப் அதை ஐரோப்பிய எழுத்தாக நினைத்துப் படிக்கிறது, அவ்வளவுதான். எக்ஸ்எம்பி தொடக்கத்திலிருந்தே யூனிகோடில் இயங்குவதால், அங்கே இந்தப் பிரச்னைகள் இல்லை.

சரி, என்னதான் செய்யணும்?

1. ஒரே ஒரு போட்டோவில் டெஸ்ட் பண்ணுங்க. ஆயிரம் போட்டோவுக்குப் பெயர் எழுதும் முன், ஒன்றில் மட்டும் தேதியை மாற்றி, தமிழில் விளக்கம் எழுதி, ஒரு டேக் போடுங்க. அதை எக்ஸ்போர்ட் செய்து வேறொரு ஆப்பில் திறங்க. என்னென்ன வந்து சேர்ந்ததோ, அவையே உங்க போட்டோவோடு பயணம் செய்யும்.

2. முகத்துக்குப் பெயர் வைத்தால், விளக்கத்திலும் எழுதுங்க. 'இடமிருந்து: பெரியப்பா, அத்தை, அப்பத்தா' என்று உறவுமுறையோடு முழுப் பெயரையும் எழுதுங்க. முகக் கட்டத்தைப் படிக்கத் தெரியாத ஆப்கூட விளக்கத்தைப் படிக்க வாய்ப்பு அதிகம். தமிழில் டேக் போட்டால் சுருக்கமா வைங்க. நீளமான விஷயத்துக்கு விளக்கக் கட்டம்தான் சரி. அங்கே இடமும் அதிகம்.

3. பழைய போட்டோவுக்கு ஃபைல் பெயரையும் பயன்படுத்துங்க. '1984 மதுரை சித்தப்பா கல்யாணம்' என்று பெயர் வைத்தால், எந்த சாஃப்ட்வேரிலும் அதைப் படிக்கலாம். தேதி சரியாகத் தெரியலைன்னா ஆண்டு மட்டும் போதும்.

4. வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்க. ஒரிஜினல் ஃபைல் அப்படியே போகும். குறிப்புகளும் கூடவே போகும். ஆனா, ஒரு எச்சரிக்கை: ஜிபிஎஸ் இடமும் சேர்ந்தே போகும். வீட்டில் எடுத்த போட்டோ என்றால் உங்க வீடு எங்கே என்பதும் அதில் இருக்கும். குடும்பத்துக்கு ஓகே, முகம் தெரியாதவர்களுக்கு வேண்டாம். ஐபோனில் ஷேர் செய்யும்போது 'ஆப்ஷன்ஸ்' போய் லொகேஷனை மட்டும் நிறுத்தலாம்.

5. ஆப்பை விட்டுக் கிளம்பும் முன் எல்லாவற்றையும் எடுங்க. டேக்அவுட் பல ஜிப் ஃபைல்களாக வரும். போட்டோ ஒரு ஜிப்பிலும், அதன் ஜேசன் இன்னொரு ஜிப்பிலும் இருக்கலாம். அதனால், எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் விரித்த பிறகே வேலையை ஆரம்பிங்க. ஜேசனில் உள்ளதை போட்டோவுக்குள் எழுத 'எக்ஸிஃப்டூல்' என்ற இலவச மென்பொருள் உதவும். பில் ஹார்வி என்பவர் 2003-லிருந்து பராமரித்து வருவது. கட்டளை டைப் செய்யணும் என்பதால், கம்ப்யூட்டர் தெரிந்த நண்பரைக் கூட வெச்சுக்கங்க. ஜேசனில் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறக்காதீங்க.

6. காப்பியில் மட்டும் கை வைங்க. ஒரிஜினல்கள் ஒரு ஹார்டு டிஸ்க்கில் தொடாமல் இருக்கட்டும். புது இடத்தில் எல்லாம் சரியா தெரியுதுன்னு பார்த்த பிறகே பழைய அக்கவுன்ட்டை மூடுங்க.

7. உள்ளே எழுதும் சாஃப்ட்வேராகத் தேர்ந்தெடுங்க. டிஜிகேமில், எழுதுவதை போட்டோவுக்குள்ளேயே வைக்கவா, பக்கத்தில் தனி எக்ஸ்எம்பி ஃபைலாக வைக்கவா என்று நீங்களே முடிவு செய்யலாம். தனி ஃபைல் என்றால், போட்டோவை எங்கே நகர்த்தினாலும் அதையும் கூடவே கூட்டிப் போகணும்.

இதில் எல்லாவற்றையும் இன்றைக்கே செய்ய வேண்டியதில்லை. எடுத்த தேதியை அப்புறம்கூட யோசித்துக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். ஆனால், அந்த கறுப்பு வெள்ளை குரூப் போட்டோவில் மூன்றாவதாக நிற்கிற பெண் யார் என்பது, வீட்டில் ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேளுங்க. அவர் சொல்லும் பெயரை ஆல்பத்தில் எழுதாமல், போட்டோவின் முதுகில் எழுதுங்க.