கிரேக்கத் தொன்மங்களில் அழகும் ஆபத்தும்

பண்டைய கிரேக்கரின் தொன்மக் கதைகளிலும் கவிதைகளிலும் கலைப் படைப்புகளிலும் உடலழகு தெய்வங்கள் அளித்த கொடையாகவும், அழிவைக் கொண்டுவரும் ஆற்றலாகவும் காட்டப்படுகிறது. அழகைக் கண்டவரும் அழிகின்றனர். அழகு உடையவரும் அழிகின்றனர். இந்தக் கேட்டிற்கு யார் பொறுப்பு என்பதில் கிரேக்கக் கவிஞர்களிடையே ஒருமித்த கருத்து இருக்கவில்லை.

பின்னணி

'காலோஸ்' என்னும் கிரேக்கச் சொல் அழகையும் மேன்மையையும் ஒருங்கே குறிக்கும். குரோட்டன் நகரைச் சேர்ந்த பிலிப் என்பவர் ஒலிம்பிக் வெற்றியாளர்; தம் காலத்துக் கிரேக்கருள் பேரழகர் எனப்பட்டவர். சிசிலியில் நடந்த போரில் அவர் இறந்தபின், எதிரிகளான எகெஸ்டா நகரத்தாரே அவருடைய அழகுக்காகக் கல்லறைமீது ஆலயம் எழுப்பிப் பலியிட்டனர் என்று வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியுள்ளார். வழிபடத் தக்க ஆற்றல் என்பதாலேயே அழகு அஞ்சத் தக்கதாகவும் இருந்தது.

பாண்டோரா

ஹெசியோட் கூறும் கதையில், புரோமிதியஸ் நெருப்பைத் திருடி மனிதருக்குக் கொடுத்ததால் ஜீயஸ் சினம் கொள்கிறார். அவர் ஆணைப்படி மண்ணும் நீரும் குழைத்துப் பாண்டோரா உருவாக்கப்படுகிறாள். தெய்வங்கள் அவளை ஆடை அணிகளால் அலங்கரிக்கின்றனர். அப்ரோடைட்டி கவர்ச்சியையும் ஹெர்மிஸ் வஞ்சக மனத்தையும் தருகின்றனர். அவள் ஒரு சாடியின் மூடியைத் திறந்ததும் நோயும் துன்பமும் உலகில் பரவின; நம்பிக்கை மட்டும் உள்ளே தங்கியது. அந்தச் சாடி 'பெட்டி' ஆனது, 16ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் செய்த இலத்தீன் மொழிபெயர்ப்பால்தான். இக்கதையில் அழகு என்பது ஆண்களைத் தண்டிக்கத் தெய்வங்கள் விரித்த வலை.

அழகிய இளைஞர்கள்

ஆபத்து பெண்ணழகோடு நிற்கவில்லை. திராய் இளவரசன் கானிமீட் அழகின் காரணமாகவே தெய்வங்களால் விண்ணுலகுக்குக் கவர்ந்து செல்லப்பட்டான். அப்பல்லோ எறிந்த வட்டு பட்டு, அவர் நேசித்த ஹயாசிந்தஸ் இறந்தான். நீர் எடுக்கச் சென்ற ஹைலஸை நீரணங்குகள் சுனைக்குள் இழுத்துக்கொண்டனர். இவர்கள் எவரும் குற்றம் புரிந்தவர்கள் அல்லர். பிறர் கண்ணில் பட்டதே அவர்களுக்குக் கேடாயிற்று.

கண்டவருக்கு வந்த கேடு

சில கதைகளில் பார்வையே தண்டனைக்கு உரியதாகிறது. ஆர்ட்டெமிஸ் தேவி நீராடுவதைக் கண்ட வேட்டைக்காரன் அக்டியோன் மானாக மாற்றப்பட்டு, தன் நாய்களாலேயே கடித்துக் குதறப்பட்டான். ஏதெனா நீராடுவதைத் தற்செயலாகக் கண்ட டைரீசியஸ் பார்வையை இழந்ததாகக் கலிமக்கஸ் பாடியுள்ளார்.

கலையில் மெடூசா

கோர்கன் சகோதரியர் மூவருள் மெடூசா ஒருத்தியே இறப்புக்கு உட்பட்டவள். கோர்ஃபு தீவின் ஆர்ட்டெமிஸ் கோயில் முகப்பில், ஏறத்தாழ கி.மு. 580ஐச் சேர்ந்த கோர்கன் சிற்பம் இருந்தது. தொடக்ககாலக் கலையில் இவ்வுருவம் அகன்ற முகமும் நீட்டிய நாக்கும் கோரைப் பற்களும் கொண்டது. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இத்தோற்றம் மாறத் தொடங்கியது. பாலிக்னோடஸ் என்னும் ஓவியருடையதாகக் கருதப்படும் ஒரு சாடியில், பெர்சியூஸ் தலை கொய்ய நெருங்கும்போது மெடூசா அழகிய பெண்ணாக உறங்கிக்கொண்டிருக்கிறாள். இச்சாடி நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. பிற்கால உரோமைக் கவிஞர் ஓவிட், கடல் தெய்வத்தால் கோயிலுக்குள் வன்கொடுமைக்கு ஆளான அழகி என்று அவளைக் காட்டுகிறார். அங்கும் கூந்தல் பாம்புகளாக மாறும் தண்டனை அவளுக்கே கிடைக்கிறது.

ஹெலன்: பழியும் மறுப்பும்

திராய்ப் போருக்குக் காரணமாகச் சொல்லப்படும் ஹெலனைப் பற்றியே மிகுதியான விவாதம் நடந்தது. ஹோமரின் 'இலியட்' காவியத்தில், மதில்மேல் வரும் ஹெலனைக் கண்ட திராய் முதியோர், இவளுக்காகப் போரிடுவதில் வியப்பில்லை என்கின்றனர். ஆயினும் அவள் திரும்பிப் போவதே நல்லது என்றும் கருதுகின்றனர். மன்னன் பிரியமோ அவளைக் குறை கூறாமல் தெய்வங்களைக் குறை கூறுகிறான்.

கவிஞர் சாப்போவின் பார்வையில், ஒருவர் எதை நேசிக்கிறாரோ அதுவே பேரழகு. கணவனையும் மகளையும் விட்டுச் சென்ற ஹெலனை அவர் அதற்குச் சான்றாகக் கொள்கிறார். இங்கு ஹெலன் பிறர் விரும்பிய பொருள் அல்லள். தானே விரும்பிச் செயல்படுபவள். ஹெலனைப் பழித்துப் பாடியதால் கவிஞர் ஸ்டெசிகோரஸ் பார்வை இழந்தார் என்றும், அவள் திராய்க்குச் செல்லவே இல்லை என மறுத்துப் பாடியபின் பார்வை மீண்டது என்றும் பிளேட்டோ குறிப்பிடுகிறார். தெய்வச் செயல், வன்முறை, சொல்வன்மை, காதல் ஆகிய நான்கில் எது காரணமாயினும் ஹெலன் குற்றவாளி அல்லள் என்று கோர்கியாஸ் வாதிட்டார்.

கி.மு. 412இல் ஏதென்ஸில் அரங்கேறிய யூரிப்பிடீஸின் 'ஹெலன்' நாடகத்தில், பாரிஸ் கொண்டுசென்றது ஹேரா காற்றால் செய்த போலி உருவத்தை மட்டுமே; உண்மையான ஹெலன் எகிப்தில் கணவனுக்காகக் காத்திருக்கிறாள். பத்தாண்டுப் போர் ஒரு நிழலுக்காக நடந்ததாகிறது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஏதென்ஸின் பெரும்படை சிசிலியில் அழிந்திருந்தது. உறவினரைப் போரில் இழந்த நகரத்தார் முன்பே இந்நாடகம் நடிக்கப்பட்டது.